சிப்பம் எடைக்கு ஒரு பேத்தி

கடலூர் முதுநகரில் சுப்பராயலுவின் வெல்ல மண்டியைத் தெரியாதவர்கள் குறைவு. தெரியாதவர்களுக்கும் வாசனையே வழி காட்டிவிடும். அந்த மண்டியை ஒட்டிய வீட்டுக்குச் சிதம்பரத்திலிருந்து மருமகளாக வந்தவள் சத்யப்பிரியா. அவள் உலகம் மெச்சும்படி எதையும் சாதித்துவிடவில்லை. ஒரு சின்னக் குழந்தை "போதும்" என்று சொன்னால் அதற்குப் போதும் என்றுதான் அர்த்தம் என்பதை ஒரு குடும்பத்தின் மண்டையில் ஏற்றப் பார்த்தாள், அவ்வளவுதான். அதற்கே அவளுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நாலு பேரைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

அவள் மகள் ஆதிரை குறை மாதத்தில் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி அளவுக்குக் கிடந்தாள். மண்டியில் மூட்டை சரிந்து காலில் விழுந்தபோதுகூடக் கண் கலங்காத சுப்பராயலு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். சிதம்பரத்துக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவில் இருக்கிற குலதெய்வம் கழனி மாரியம்மனிடம் அங்கிருந்தே வேண்டிக்கொண்டார். "ஆத்தா, இவள எங்ககிட்ட ஒப்படைச்சிடு. அஞ்சு வயசு முடிஞ்சதும் இவ எடைக்கு எடை வெல்லம் கொண்டாந்து ஒன் சந்நிதியில வைக்கறேன்." ஆத்தா ஒப்படைத்தாள். வீட்டார் அன்றைக்குப் பயந்த பயம் மட்டும் அவர்களை விட்டுப் போகவில்லை. குழந்தை தேறி, நடந்து, பேசி, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அவளை நிரப்புவதே அந்த வீட்டின் முழுநேர வேலையாக இருந்தது.

நிரப்பும் பொறுப்பு சுப்பராயலுவின் மூத்த மகள் விருத்தாம்பாளுடையது. புருஷன் போன பிறகு தகப்பன் வீட்டுக்கே வந்துவிட்டவள். தாயில்லாத தம்பி சிலம்பரசனைத் தூக்கி வளர்த்தவளும் அவள்தான். அதனால் தம்பி மனைவியான சத்யப்பிரியாவுக்கு அந்த வீட்டில் மாமியார் இல்லாத குறையே தெரியவில்லை. விருத்தாம்பாள் சோறு ஊட்டுகிற முறை ஒன்று உண்டு. தாத்தாவுக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய், அத்தைக்கு ஒரு வாய் என்று ஆரம்பிப்பாள். பிறகு நெல்லிக்குப்பம் சித்தப்பாவுக்கு, பண்ருட்டி பெரியப்பாவுக்கு, அவர்களுடைய பிள்ளைகளுக்கு. சொந்தம் பெரிது. ஒரு வாய் வேண்டாம் என்றால் அந்த உறவுக்காரர் கோபித்துக்கொள்வார் என்று குழந்தையிடம் சொல்லி வைத்திருந்தாள். உறவுமுறை தீர்ந்துபோனால் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களின் பெயர்கள் வரும். இதற்கிடையில் குழந்தையின் கண் முன்னால் போனில் கரடியும் முயலும் ஆடிக்கொண்டே இருக்கும். தட்டில் என்ன இருந்தது என்று ஆதிரையைக் கேட்டால் அவளுக்குத் தெரியாது. யார் யார் பேருக்குச் சாப்பிட்டாள் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வாள்.

நாலு வயதில் அவள் இருபத்து மூன்று கிலோ இருந்தாள். சுப்பராயலுவுக்கு வாயெல்லாம் பல். மண்டித் தராசில் பேத்தியை நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, "ஆத்தாளுக்கு வைக்கறப்ப சரியா ஒரு சிப்பம் வந்துடுவா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். முப்பது கிலோ வெல்லம் கட்டிய மூட்டைக்கு மண்டியில் சிப்பம் என்று பெயர். கரும்பு வண்டிக்காரரிலிருந்து டீக்கடைக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் அந்த வீட்டுப் பேத்தி ஒரு சிப்பம் ஆகப்போகிறாள் என்ற சேதி தெரிந்திருந்தது. குழந்தைக்கு எத்தனை பாட்டு தெரியும், என்ன நிறம் பிடிக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

சத்யப்பிரியாவுக்கு முதலில் உறைத்தது பள்ளிக்கூட விளையாட்டு விழாவில்தான். செம்மண்டலத்தில் ஆதிரை படித்த பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு முயல் ஓட்டம் வைத்தார்கள். பாதி தூரத்தில் ஆதிரை மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, மற்றப் பிள்ளைகள் ஓடுவதற்குக் கை தட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கைதட்டலைத்தான் சத்யப்பிரியாவால் தாங்க முடியவில்லை. அடுத்த வாரம் பள்ளிக்கு வந்த டாக்டரம்மாவும் உயரத்துக்கு எடை ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் சொன்னாள். விருத்தாம்பாள் மகளிர் அணி மாநாடு போலப் பொங்கிவிட்டாள். "கண்ணு வெச்சிட்டா அந்த டாக்டரு! பொறந்தப்ப இவ இருந்த இருப்புக்கு இன்னிக்கித் தேறி நிக்கறா. அது ஒனக்குப் பொறுக்கலியா? மொதல்ல ஒன்னப் பாரு. நீ ஏறுனா ஆட்டோ ஒரு பக்கமா சாயுது."

ஆட்டோ சாய்வது அந்த வீட்டின் பழைய நகைச்சுவை. பிரசவத்துக்குப் பிறகு சத்யப்பிரியா பருத்துவிட்டாள். கல்யாண வீடுகளில் நாத்தனார் இதைச் சொல்ல, சுற்றி இருப்பவர்கள் சிரிக்க, இவளும் சேர்ந்து சிரிப்பாள். பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். தன் எடை என்னவென்று கட்டிய புருஷனிடம்கூட அவள் சொன்னதில்லை.

பள்ளித் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் ஒரு அழைப்பு வந்தது. சிதம்பரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் மனையியல் சொல்லிக்கொடுக்கிற ஜெயராணி என்பவர், ஒன்றாம் வகுப்புக்கு இன்னும் போகாத பிள்ளைகளின் அம்மாக்களுக்காகப் புதன்கிழமை மத்தியானங்களில் ஆன்லைனில் இலவசமாக வகுப்பு நடத்துகிறார். பிள்ளைகளின் சாப்பாடு, விளையாட்டு, எடை பற்றி. சத்யப்பிரியா சேர்ந்தாள். பெயர் போடுகிற இடத்தில் வெறும் இரண்டு எழுத்து. கேமரா அணைப்பு. தன் உடம்பைப் பார்த்தால், இவளே இப்படி இருக்கிறாள், பிள்ளையைப் பற்றிக் கேட்க வந்துவிட்டாள் என்று நினைப்பார்களே என்ற கூச்சம்.

ஜெயராணிக்குக் கணீரென்ற குரல். மாதா கோயிலில் பாடிப் பழகிய குரல் என்று பின்னால் தெரிந்தது. முதல் நாளே போட்டு உடைத்தார். "யாரும் இங்க புள்ளய எளைக்க வைக்க வரல. பட்டினி போடற வேலையே கெடையாது. எடை ஏறாம அப்படியே நின்னா போதும். புள்ள ஒயரமாயி அந்த எடைய எட்டிப் புடிச்சிடும்." பிறகு சொன்னார்: "என்ன சமைக்கறது, எப்ப வைக்கறது, எங்க உக்கார வைக்கறது, இதெல்லாம் நம்ம வேல. எவ்ளோ சாப்புடறதுன்றது புள்ளயோட வேல. அதோட வயிறு அதுக்குச் சொல்லும்."

தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்றுவிட்டு வந்து உட்கார்ந்திருந்த லோகநாயகி படாரென்று மைக்கைத் திறந்தாள். அவள் பேசினால் கடல் காற்றும் கூடவே பேசும். "டீச்சர், எங்க ஊட்டுக்காரரு வயிறே அவுருக்கு ஒண்ணும் சொல்றது இல்ல. நாலு வயசுப் புள்ள வயிறு எப்பிடி டீச்சர் சொல்லும்?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜெயராணியும் சிரித்தார். "சொல்லும் லோகநாயகி. ஒங்க ஊட்டுக்காரருக்கும் ஒரு காலத்துல சொல்லிக்கிட்டுதான் இருந்திருக்கும். யாரோ ஊட்டி ஊட்டியே அதோட வாய அடைச்சிட்டாங்க."

சத்யப்பிரியா கேமராவுக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். நெல்லிக்குப்பம் சித்தப்பாவும் பண்ருட்டி பெரியப்பாவும் மூட்டை தூக்குகிறவர்களும் வரிசையாக மனதில் வந்து போனார்கள். அவர்களுக்காகவெல்லாம் தன் மகள் சாப்பிட்டிருக்கிறாள். தனக்காக ஒரு வாய் சாப்பிட்டதில்லை என்று நினைத்ததும் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

ஆத்திரத்தில் செய்தது தப்பாகப் போயிற்று. இனிப்பைக் குறைக்க வேண்டும் என்று ஒரு வகுப்பில் கேட்டதும், குறைப்பது என்ன, ஒழித்தே விடுகிறேன் என்று கிளம்பிவிட்டாள். சமையல்கட்டில் இருந்த வெல்ல டப்பாவைத் தூக்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். வெல்ல மண்டி வீட்டில் வெல்லத்தைப் பூட்டி வைத்த முதல் மருமகள் அவளாகத்தான் இருப்பாள். அதுவரை ஆதிரைக்கு வெல்லத்தின் மேல் ஒரு ஆசையும் கிடையாது. மூட்டை மூட்டையாகக் கண்ணெதிரே கிடப்பதை எந்தப் பிள்ளை மதிக்கும்? பூட்டியதும் வந்ததே ஒரு ஆசை! ஒரு சனிக்கிழமை மத்தியானம் குழந்தையைக் காணோம் என்று வீடே தேடியது. மண்டியின் பின்கோடியில், அடுக்கி வைத்த சிப்பங்களுக்கு நடுவில், கிழிந்த சாக்குக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தாள். முகம், சட்டை, தலைமுடி எல்லாம் வெல்லம். கழுத்தில் எறும்பு ஏறிக் கடித்துக்கொண்டிருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தும், பிடிபட்டுவிடுவோமே என்று வாயைத் திறக்காமல் அடக்கிக்கொண்டிருந்தாள்.

சுப்பராயலு அவளை வாரி எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் நின்றார். "ஊருக்கே வெல்லம் விக்கறவன் நானு. எம் பேத்தி திருடித் திங்கணுமா?" என்றார். சத்யப்பிரியா குழந்தையின் கழுத்திலிருந்த எறும்புகளைத் தட்டிவிட்டாள். அவர் சொன்னது நியாயம்தான்.

அடுத்த புதன்கிழமை அவள் முதன்முதலாக மைக்கைத் திறந்து நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். ஜெயராணி திட்டவில்லை. "பூட்டுனதுதான் தப்பு. நீங்க பூட்டல, வெல்லத்துக்குக் கிரீடம் வெச்சிட்டீங்க. தொறந்து வெச்சிடுங்க. என்னிக்கோ ஒருநாள் பணியாரத்துல வரட்டும், பாயசத்துல வரட்டும். லஞ்சமாவும் குடுக்காதீங்க, தண்டனையாவும் நிறுத்தாதீங்க."

"எங்க ஊட்டுல கருவாட்டுப் பானைய மூடி வெச்சா பூன அங்கதான் குந்தியிருக்கும்" என்று லோகநாயகி குறுக்கே புகுந்தாள். "ஆமா, நீங்க யாரு சிஸ்டர்? பேரும் தெரியல, மொகமும் தெரியல. அழுகற சத்தம் மட்டும் கேக்குது."

ஏனென்று தெரியவில்லை, சத்யப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத முகத்தோடு, இரட்டை நாடியோடு, நைட்டி மேல் போட்ட துண்டோடு கேமராவைத் திறந்தாள். திரையில் பாதிப் பேர் அவளை மாதிரியேதான் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் பூட்டவில்லை. கெஞ்சவுமில்லை. சாப்பாட்டு நேரத்தில் போனை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். ஆதிரையைத் தன் பக்கத்தில் தரையில் உட்கார வைத்து, சின்னத் தட்டில் சோறு, கீரை, நெத்திலிக் குழம்பு என்று எல்லாரும் சாப்பிடுவதையே கொஞ்சமாக வைத்தாள். கையால் தானே அள்ளிச் சாப்பிடட்டும் என்று விட்டாள். சோறு தரையெல்லாம் இறைந்தது. சாயங்காலம் மொட்டை மாடியில் குழந்தையோடு பந்து விளையாடினாள். ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஈர மணலில் ஓடவிட்டாள். தானும் கூடவே ஓடினாள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று ஓடினாள்.

ஒருநாள் சாயங்காலம் ஆதிரை தட்டைத் தள்ளிவிட்டு "போதும்" என்றாள். இரண்டு வாய்கூடச் சாப்பிடவில்லை. கண்ணாடிப் பெட்டி சத்யப்பிரியாவுக்கு மட்டும் மறந்துபோயிருக்குமா? ஆனாலும் "சரி, போதும்னா போதும்" என்று தட்டை எடுத்துவிட்டாள். விருத்தாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். சுப்பராயலு தன் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனார். சிலம்பரசன் அக்காவையும் பார்த்தான், மனைவியையும் பார்த்தான், கடைசியில் ஊறுகாய் பாட்டிலைப் பார்த்தான். நல்லவன்தான். இப்படிப்பட்ட நேரங்களில் எந்தப் பக்கத்துக்கும் ஆகாத நல்லவன்.

மறுநாள் காலையில் சத்யப்பிரியா தோசைக்கல்லை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தபோது ஆதிரை வந்து முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, எனக்குப் பசிக்குது."

பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தை அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. சொல்ல விட்டால்தானே! பசி எட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே யாராவது ஒருவர் பேரைச் சொல்லி வாயில் ஒரு உருண்டை போய்விடும். சத்யப்பிரியா அடுப்பை அணைத்துவிட்டுக் குழந்தையைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு ஆதிரை தோசையை அப்படி ரசித்துச் சாப்பிட்டாள்.

மாதங்கள் போயின. ஆதிரையின் பாவாடையெல்லாம் கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டது. மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறினாள். எடை மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. ஜெயராணி சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. ஆனால் சுப்பராயலுவின் கண்ணுக்குப் பாவாடை தெரியுமா, தராசுதான் தெரியும். ஆதிரைக்கு ஐந்து வயது முடிந்து வெல்லம் வைக்க வேண்டிய பங்குனி நெருங்க நெருங்க அவர் பேத்தியைத் தராசில் ஏற்றிப் பார்ப்பதும் முகம் கறுப்பதும் வழக்கமாகிவிட்டது. நேர்த்திக்கடனுக்கென்று நல்ல வெல்லமாகப் பொறுக்கி, மஞ்சள் துணியில் ஒரு சிப்பம் கட்டித் தைத்து, அதன்மேல் ஆதிரையின் பெயரை எழுதியும் வைத்துவிட்டார். பேத்தி அந்த எடைக்கு வந்தாக வேண்டும். அவருக்கு அதுதான் கவலை.

மருமகள் பிள்ளையைப் பட்டினி போடுவதாகச் சிதம்பரத்துக்குப் புகார் போயிற்று. சத்யப்பிரியாவின் அப்பா தில்லைநாதன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் "கொஞ்சம் உள்ள போங்க, அனுசரிச்சு நில்லுங்க" என்று சொல்லிப் பழகிய மனிதர். மகளுக்கும் போனில் அதையே சொன்னார்.

"பெரிய குடும்பம்மா. கொஞ்சம் அனுசரிச்சுத்தான் போயேன்."

"எதப்பா அனுசரிக்கச் சொல்றீங்க? எங்கிட்ட என்ன வேணாலும் கேக்கட்டும், அனுசரிக்கறேன். எம் பொண்ணு வயித்த என்னால அனுசரிக்க முடியாது."

அவர் "சாப்ட்டியா நீ?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

நேர்த்திக்குச் சில வாரங்களுக்கு முன்னால் இன்னொன்று தெரிய வந்தது. சத்யப்பிரியா புதன்கிழமை வகுப்பில் இருக்கிற நேரம் பார்த்து, விருத்தாம்பாள் குழந்தையைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், தன் போனில் கரடிப் படத்தைப் போட்டுவிட்டு, நெய் ஒழுகப் பிசைந்த சோற்றை ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் கரண்ட் போய் வகுப்பு பாதியில் அறுந்தது. சத்யப்பிரியா எழுந்து போய்ப் பார்த்துவிட்டாள். சத்தம் போடவில்லை. நாத்தனார் கையிலிருந்த போனை வாங்கிப் படத்தை நிறுத்தினாள். ஆதிரை திடுக்கிட்டு, மடியில் இருந்த கிண்ணத்தை அப்போதுதான் பார்ப்பவள் மாதிரி பார்த்தாள். "எனக்கு வயிறு ஃபுல்லா இருக்கு அத்த. போதும்" என்றாள்.

"பாத்தீங்களா அண்ணி, அவளே சொல்றா."

"அவளுக்கு என்ன தெரியும்? நீ போன்ல என்னா கத்துக்கிட்ட? பெத்த புள்ளைக்குச் சோறு போடக் கூடாதுன்னா?"

"பசிக்கறப்ப போடக் கத்துக்கிட்டேன். போதும்னா நிறுத்தவும் கத்துக்கிட்டேன். இனிமே அவளுக்குப் படம் காட்டி ஊட்டுனீங்கன்னா, நான் அவளக் கூட்டிக்கிட்டு சிதம்பரத்துக்குப் போயிடுவேன். மெரட்டல. சொல்றேன்."

விருத்தாம்பாள் அதன் பிறகு அவளோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேனில் சொந்தக்காரர்களும் டெம்போவில் வெல்லமுமாகக் கிளம்பினார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கவென்று வேறு சில சிப்பங்களும் ஏற்றியிருந்தார்கள். கழனி மாரியம்மன் கோயிலில் அன்று நல்ல கூட்டம். முன்மண்டபத்தில் பெரிய தராசு சங்கிலியில் தொங்கியது. ஒரு தட்டில் மஞ்சள் துணிச் சிப்பத்தை வைத்துப் பூசாரி கற்பூரம் காட்டினார். மறு தட்டில் பட்டுப் பாவாடையோடு ஆதிரையை உட்கார வைத்தார்கள். அவள் உட்கார்ந்த தட்டு அசையக்கூட இல்லை. மேலேயே நின்றது.

சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பண்ருட்டி பெரியப்பா தொண்டையைச் செருமினார். "என்னா சித்தப்பா, சிப்பம் சிப்பம்னு சொன்னீங்க?"

சாமிக்கு வைத்ததைத் திருப்பி எடுக்கவும் கூடாது. பெயர் எழுதித் தைத்ததைப் பிரிக்கவும் சுப்பராயலுவுக்கு மனசு வரவில்லை. "வெள்ளிக் கொடத்த வெய்யி" என்றார். குடத்தை ஆதிரையின் மடியில் வைத்தார்கள். தேங்காய்களை அவளைச் சுற்றி அடுக்கினார்கள். சங்கிலி, ஒட்டியாணம் என்று கழட்டிக் கொடுத்தவர்களின் நகையெல்லாம் அவள் கழுத்தில் ஏறியது. குழந்தையின் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. தட்டு இறங்கியது. ஆனாலும் முள் நடுவுக்கு வரவில்லை.

விருத்தாம்பாள் தூக்குப் போணியோடு முன்னால் வந்தாள். "தேங்கா எடை எதுன்னு ஆத்தாளுக்குத் தெரியாதா? புள்ள எடையா இருக்கணும். இந்தா கண்ணு, பொங்கல். தாத்தாவுக்கு ஒரு வாய்."

"போதும் அத்த."

"அப்பாவுக்கு ஒரு வாய்."

"போதும்!" ஆதிரை அழ ஆரம்பித்தாள். வாயைத் துடைத்துக்கொள்ளக் கையை எடுக்க முடியவில்லை. கைக்கு மேல் குடம் இருந்தது. அத்தனை பெரியவர்கள் சுற்றி நின்றார்கள். ஒருவர் காதிலும் அது விழவில்லை.

சத்யப்பிரியாவுக்கு அந்த நேரத்தில் பயம் இல்லை, வெட்கம் இல்லை. நெஞ்சு முழுக்கக் கோபம்தான் இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். பொங்கல் உருண்டையோடு நீண்டிருந்த நாத்தனாரின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "அவ போதும்னு சொல்லிட்டா" என்றாள். வெள்ளிக் குடத்தை எடுத்து விருத்தாம்பாளிடமே கொடுத்தாள். தேங்காய்களை எடுத்துத் தரையில் உருட்டிவிட்டாள். நகைகளைக் கழட்டிக் கணவன் கையில் திணித்தாள். பிறகு புடவைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

தட்டு தடாலென்று தரையில் இடித்தது. எதிர்ப்பக்கத்துச் சிப்பம் ஊஞ்சல் மாதிரி மேலே எழும்பி ஆடியது.

"என்னாடி கூத்து இது? வேண்டுதல் புள்ளைக்கு!" விருத்தாம்பாள் அலறினாள். சுவரைப் பார்க்க மறந்து நேராகவே கேட்டுவிட்டாள்.

"புள்ள இங்கதான இருக்கா அண்ணி, எம் மடியில? ஒங்களுக்கெல்லாம் எடைதான வேணும்? எங்கிட்ட இருக்கு. அவள விட்டுடுங்க, எங்கிட்ட எடுத்துக்கங்க." மாமனாரைப் பார்த்தாள். "வெய்யுங்க மாமா."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "எத்தினி சிப்பம் வேணுமோ?" என்று ஒரு குரல் கேட்டது. எத்தனையோ கல்யாண வீடுகளில் கேட்ட அதே சிரிப்பு. சத்யப்பிரியா குரல் வந்த பக்கமாகத் திரும்பினாள்.

"எழுபத்தி ரெண்டு கிலோ நானு. இருபத்தி மூண்ற கிலோ எம் பொண்ணு. கூட்டிக்கங்க. வேற யாருக்காவது தெரியணுமா?"

யாருக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை. இதுவரைக்கும் ஊறுகாய் பாட்டிலைப் பார்த்தே குடும்பம் நடத்திய சிலம்பரசன், நகைகளைத் தன் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு டெம்போவுக்குப் போனான். தோளில் ஒரு சிப்பத்தோடு திரும்பி வந்து தட்டில் இறக்கினான். அக்கா கூப்பிட்டதற்கு அவன் நிற்கவில்லை. இன்னொன்றும் தூக்கிக்கொண்டு வந்தான். மூன்று சிப்பம் ஏறியும் முள் கொஞ்சம் சாய்ந்தே நின்றது.

சுப்பராயலு அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டு தூணோரம் நின்றிருந்தார். ஆனால் சாய்ந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது அவரால் ஆகிற காரியமா? வந்தார். மருமகளைப் பார்க்கவில்லை. நாலாவது சிப்பத்தைக் கொண்டுவரச் சொல்லித் தையலைப் பிரித்து, வெல்ல உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தார். மண்டியில் வாடிக்கையாளருக்கு நிறுப்பது போலவே, குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார். தட்டு மெதுவாக எழும்பி வந்தது. சத்யப்பிரியாவின் கால்கள் தரையை விட்டுக் கிளம்பின. ஆதிரை அழுகையை நிறுத்திவிட்டுத் தாத்தாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முள் நடுவில் வந்து நின்றது. அவர் கையில் இன்னும் ஒரு உருண்டை இருந்தது.

"அதையும் வெய்யி நைனா" என்றாள் விருத்தாம்பாள். "ஆத்தாளுக்குத்தான? ஜாஸ்தியா இருந்தா என்னா இப்ப?"

"போதும் தாத்தா" என்றாள் ஆதிரை.

அவர் முள்ளைப் பார்த்தார். பிறகு பேத்தியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கையில் இருந்த உருண்டையைச் சாக்குக்குள்ளேயே திரும்பப் போட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பினார். "அவ போதும்னுட்டா, விடு" என்றார்.

பூசாரி தீபாராதனை காட்டிவிட்டு இறங்கச் சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்கள், இவள் எப்போது இறங்குவாள் என்று முணுமுணுத்தார்கள். ரெண்டு பேர் போனில் படம் எடுத்தார்கள். எடுக்கட்டும் என்று சத்யப்பிரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். மகளை அணைத்துக்கொண்டு, தட்டு ஆடுகிற வரைக்கும் ஆடட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.